தவணையில் வீடு வாங்கினால் முதல் வீட்டு மானியம் கிடைக்குமா? ஆஸ்திரேலியாவில் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

வீட்டு விலையை ஒரே நாளில் கட்டாமல் பல தவணைகளில் கட்டும்போது, அரசின் முதல் வீட்டு மானியம் எந்தக் கட்டத்தில் வரும், யார் பெயருக்கு வரும், எதனால் நின்றுபோகும் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு தெரிந்தால், பெரும்பாலும் சரிசெய்ய வழியிருக்காது. தொகைகளும் உச்சவரம்புகளும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. ஆகவே ஒப்பந்தத் தேதிக்கு எந்த விதி பொருந்துகிறது என்று உங்கள் மாநில வருவாய் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இந்த மானியத்தை யார் தருகிறார்கள்? எவ்வளவு?

2000 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வரி நடைமுறைக்கு வந்தது. அதனால் வீட்டு விலை ஏறும் என்பதற்காக, அதே நாளில் 7,000 டாலர் மானியமும் தொடங்கியது. திட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானதாக இருந்தாலும், சட்டம் மாநிலத்துக்கு ஒன்று. பணம் கொடுப்பதும் மாநில வருவாய் அலுவலகம்தான். காலப்போக்கில் பெரிய மாநிலங்கள் பழைய வீடுகளுக்கு மானியத்தை நிறுத்திவிட்டன. நியூ சவுத் வேல்ஸ் 2012 அக்டோபர் 1 முதலும், விக்டோரியா 2013 ஜூலை 1 முதலும் புது வீட்டுக்கு மட்டுமே தருகின்றன.

நியூ சவுத் வேல்ஸில் 10,000 டாலர்: கட்டி முடித்த புது வீடு என்றால் விலை 600,000-ஐத் தாண்டக்கூடாது, நிலம் வாங்கிக் கட்டினால் இரண்டும் சேர்ந்து 750,000-ஐத் தாண்டக்கூடாது. விக்டோரியாவிலும் 10,000 டாலர், உச்சவரம்பு 750,000. குவீன்ஸ்லாந்தில் 2023 நவம்பர் 20 முதல் 2026 ஜூன் 30 வரை கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு 30,000 டாலர். வீட்டின் மதிப்பு, நிலத்தோடு சேர்த்து, 750,000-க்குக் குறைவாக இருக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் 15,000 டாலர். 2024 ஜூன் 6 முதலான ஒப்பந்தங்களுக்கு விலை வரம்பே இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 10,000 டாலர். கன்பரா இருக்கும் தலைநகரப் பகுதியில் 2019 ஜூலை முதல் மானியம் கிடையாது. அதற்குப் பதில் ஸ்டாம்ப் டியூட்டி சலுகைதான்.

தொகையைத் தீர்மானிப்பது ஒப்பந்தம் கையெழுத்தான தேதி. மீதிப் பணத்தைக் கட்டி வீட்டைப் பெறும் செட்டில்மென்ட் இரண்டு வருடம் கழித்து வந்தாலும் கையெழுத்து நாளின் விதியே பொருந்தும்.

கேள்வி: "தவணையில் வாங்குவது" என்றால் எது எதைச் சொல்கிறீர்கள்?

நடைமுறையில் மூன்று வகை. ஒன்று, நிலம் வாங்கி பில்டரிடம் கொடுத்து, வேலை முடிய முடியக் கட்டக் கட்டமாகப் பணம் கொடுப்பது. இரண்டாவது, ஆஃப் த பிளான்: வரைபடத்தைப் பார்த்து டெபாசிட் கட்டிவிட்டு, கட்டடம் எழும்பிய பிறகு மீதியைக் கட்டுவது. மூன்றாவது, வங்கியே இல்லாமல், விற்பவரிடமே மாதாமாதம் தவணை கட்டி, கடைசித் தவணைக்குப் பிறகு வீட்டின் உரிமைப் பத்திரமான டைட்டிலைப் பெறுவது. இதை விக்டோரியாவில் டெர்ம்ஸ் ஒப்பந்தம் என்பார்கள், குவீன்ஸ்லாந்தில் இன்ஸ்டால்மென்ட் ஒப்பந்தம். விளம்பரங்களில் "வெண்டர் ஃபைனான்ஸ்" என்றும் "வங்கிக் கடன் தேவையில்லை" என்றும் வருவது இதுதான்.

முதல் இரண்டும் மானியத்துக்கு ஒத்துப்போகும். மூன்றாவதில்தான் குடும்பங்கள் அகப்பட்டுக்கொள்கின்றன.

கேள்வி: வீடு கட்டும்போது மானியப் பணம் எந்தக் கட்டத்தில் வரும்?

விண்ணப்பத்தை யார் மூலம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடன் கொடுக்கும் வங்கி, அரசு அங்கீகரித்த முகவராக இருந்தால், அதன் மூலமே கொடுக்கலாம். அப்போது பில்டருக்கான முதல் கட்டத் தொகையை வங்கி விடுவிக்கும் நேரத்தில், பெரும்பாலும் ஸ்லாப் என்ற கான்கிரீட் அடித்தளம் போட்டவுடன், மானியமும் சேர்ந்து வரும். நேரடியாக வருவாய் அலுவலகத்துக்குக் கொடுத்தால் வீடு கட்டி முடிந்து குடியேறுவதற்கான சான்றிதழ் வந்த பிறகுதான் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே பல மாத வித்தியாசம் வரும். ஆகவே கடன் விண்ணப்பத்தோடு சேர்த்தே "முதல் வீட்டு மானியத்துக்கு நீங்கள் முகவரா?" என்று வங்கியிடம் கேட்டுவிடுங்கள். எல்லா வங்கியும் முகவர் அல்ல. சின்னக் கடன் நிறுவனங்கள் பல அந்தப் பட்டியலில் இருக்காது.

விக்டோரியாவில் வழக்கமான கட்டத் தொகைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுமான விலை 400,000 டாலர். டெபாசிட் 5 சதவீதம், 20,000. அடித்தளம் முடிந்ததும் 10 சதவீதம், 40,000. ஃபிரேம் நின்றதும் 15 சதவீதம், 60,000. கதவு, ஜன்னல், கூரை போட்டுப் பூட்டக்கூடிய லாக்-அப் நிலையில் 35 சதவீதம், 140,000. உள்வேலைக்கு 25 சதவீதம், 100,000. மீதி 40,000 சாவி வாங்கும்போது. வங்கி மூலம் விண்ணப்பித்திருந்தால், 10,000 டாலர் மானியம் அடித்தளம் முடிந்ததும் கட்டும் அந்த 40,000 டாலர் கட்டத்தில் வந்து சேரும். அதற்கு முன்னால் கட்ட வேண்டிய 20,000 டெபாசிட், நிலத்தின் டெபாசிட், நிலத்துக்கான ஸ்டாம்ப் டியூட்டி, பத்திர வேலையைப் பார்க்கும் கன்வேயன்சரின் கட்டணம் எல்லாம் கையிலிருந்தே போக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மானியத்தை டெபாசிட்டாகப் பயன்படுத்தவே முடியாதா?

முடியாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே பத்திரம். மொத்தச் செலவில் மானியத்தையும் ஒரு வரவாக வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பல வங்கிகள் கேட்கும் "சொந்தச் சேமிப்பு" என்ற தகுதிக்கு அது சேராது. "டெபாசிட்டே வேண்டாம், மானியமே போதும்" என்று யாராவது சொன்னால், நடுவில் வரும் மாதங்களுக்கு யார் பணம் போடுகிறார்கள், அதற்கு என்ன வட்டி, எந்தக் காகிதத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டபோது விலை வரம்புக்குள் இருந்தது. பிறகு கூடிவிட்டது. மானியம் போய்விடுமா?

போகலாம். கட்டும் வீட்டுக்கு வரம்பைப் பார்க்கும்போது நிலம், கட்டுமானம் இரண்டோடு, நடுவில் கையெழுத்துப் போட்ட வேரியேஷன்களும், அதாவது ஒப்பந்தத்துக்குப் பிந்தைய மாற்றங்களும், சேரும். உதாரணமாக குவீன்ஸ்லாந்தில் நிலம் 325,000, வீடு 415,000 என்றால் மொத்தம் 740,000, தகுதி உண்டு. கலர் செலக்‌ஷன் அறையில் உட்கார்ந்து கல் மேடை, கூடுதல் ஏசி, உயர்த்திய கூரை என்று 12,000 டாலருக்கு டிக் அடித்தால் 752,000 ஆகிவிடும். அந்த 12,000 டாலர் ஆசைக்கு 30,000 டாலர் மானியம் போய்விடும். நிலத்தில் பாறை வந்து அடித்தளச் செலவு ஏறுவதும் இதே விளைவைத் தரும். அது நம் கையில் இல்லை. வரம்புக்குக் கீழே குறைந்தது 15,000 முதல் 20,000 டாலர் இடைவெளி விட்டு ஒப்பந்தம் போடுங்கள். மண் பரிசோதனை முடியாத நிலத்தில் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

கேள்வி: நிலம் எங்கள் இருவர் பெயரில் இருக்கிறது. கட்டுமான ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும். பரவாயில்லையா?

உடனே மாற்றுங்கள். டைட்டிலில் வரும் அனைவரும் விண்ணப்பதாரராக இருக்க வேண்டும், கட்டுமான ஒப்பந்தத்திலும் அவர்களே இருக்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். வேலை தொடங்குவதற்கு முன்பு பில்டர் ஒரு திருத்தக் கடிதத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவார்; ஸ்லாப் போட்ட பிறகு அதற்கே விளக்கக் கடிதங்கள் கேட்பார்கள்.

கேள்வி: ஆஃப் த பிளான் வாங்கினால்?

இது எளிது. டெபாசிட், வழக்கமாக 10 சதவீதம், கையெழுத்தின்போது கட்டுகிறீர்கள். மீதி செட்டில்மென்ட் அன்று. மானியமும் செட்டில்மென்ட்டோடுதான் வரும். கவனிக்க வேண்டியது, உங்களுக்கு முன் அந்த வீட்டில் யாரும் குடியிருந்திருக்கக் கூடாது. கட்டடம் முடிந்தும் விற்காமல் கிடந்த வீட்டை டெவலப்பர் சில மாதம் வாடகைக்கு விட்டிருந்தால், அது உங்கள் கண்ணுக்குப் புதுசாக இருந்தாலும் மானியக் கண்ணுக்குப் பழசு. "இதற்கு முன் குடியிருப்பாகப் பயன்படுத்தப்படவில்லை" என்ற உறுதிமொழியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: விற்பவரிடமே தவணை கட்டி வாங்கும் ஒப்பந்தத்துக்கு மானியம் உண்டா?

மானியச் சட்டம் கேட்பது இரண்டு: வீட்டின் சுவாதீனம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும், பதிவான டைட்டில் கிடைக்க வேண்டிய வாங்குதலாக இருந்தால், அது உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வாங்குதல் "நிறைவடைந்தது". வங்கிக் கடனில் வாங்கினால் இரண்டும் செட்டில்மென்ட்டை ஒட்டியே நடந்துவிடும், அதனால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. தவணை ஒப்பந்தத்தில் இவை பிரிந்துபோகின்றன. சாவி இன்று கிடைக்கும். டைட்டில் பத்து வருடம் கழித்தோ, இருபத்தைந்து வருடம் கழித்தோ. அதுவரை பத்திரத்தில் விற்பவர் பெயர்தான் இருக்கும்.

ஆகவே வழக்கமான பாதையில் போனால் மானியம் உங்களுக்குத் தேவைப்படும் காலத்தில் வராது. இதற்கு மூன்று விதிவிலக்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, அரசிடமிருந்தே தவணையில் வாங்குவது. அரசிடமிருந்து முழு உரிமையைத் தவணையில் வாங்குபவரின் உரிமையை, மானியச் சட்டங்கள் வெளிப்படையாகவே சொத்துரிமையாக ஏற்கின்றன. நிபந்தனை, 12 மாதத்துக்குள் குடியேறும் உரிமை கிடைக்க வேண்டும். தனியாரிடம் தவணையில் வாங்குபவருக்கு இந்த ஏற்பு தானாகக் கிடையாது.

இரண்டாவது, அதிகாரியின் விருப்புரிமை. தக்க காரணம் இருந்து, வாங்குதல் நிறைவேறாவிட்டால் பணத்தைத் திரும்பப் பெற அரசுக்குப் பாதுகாப்பும் இருந்தால், நிறைவடைவதற்கு முன்பே மானியம் கொடுக்க வருவாய் ஆணையருக்கு இடமிருக்கிறது. இது கேட்டுப் பெறுவது. ஒப்பந்த வரைவை இணைத்து, கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, டைட்டிலை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது. குவீன்ஸ்லாந்தின் 1974 சொத்துச் சட்டம் இதற்கு நல்ல வழி ஒன்றைக் காட்டியது: தவணை தவறாமல் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிட்டால், டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், மீதித் தொகைக்கு அதே வீட்டை விற்பவருக்கு அடமானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டதால், உங்கள் ஒப்பந்தத்துக்கு எது பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். சட்டத்தை நம்பாமல், இதே ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாக எழுதிக்கொள்வது இன்னும் உறுதி. டைட்டில் பதிவான நாளில் வாங்குதல் நிறைவடைகிறது. மானியத்துக்கான கதவு அன்று திறக்கிறது. விற்பவருக்கும் அடமானம் என்ற பாதுகாப்பு கிடைப்பதால், நேர்மையான விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணம் குறைவு.

கேள்வி: எல்லா மாநிலத்திலும் இப்படி வாங்கலாமா?

இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில், நிலம் மற்றும் வணிக விற்பனை தொடர்பான 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தவணை விற்பனையையும் வாடகை-விற்பனையையும் ஒழித்துவிட்டது. விக்டோரியாவில் 2019-இல் நிறைவேறிய திருத்தம், 750,000 டாலருக்குக் குறைந்த விலையுள்ள குடியிருப்பு நிலத்தைத் தெரிந்தே டெர்ம்ஸ் ஒப்பந்தத்தில் விற்பதைக் குற்றமாக்கியது. "வாடகை கட்டி வீட்டை வாங்கு" ஏற்பாடுகளையும் தடைசெய்தது. இதை மானியத்தோடு வைத்துப் பாருங்கள். விக்டோரியாவில் மானியத்தின் உச்சவரம்பே 750,000. அதற்குக் கீழே டெர்ம்ஸ் ஒப்பந்தம் கூடாது, அதற்கு மேலே மானியம் கிடையாது. அங்கே யாராவது "டெர்ம்ஸில் வாங்குங்கள், மானியமும் வாங்கித் தருகிறேன்" என்றால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

கேள்வி: இப்போது வாடகைக்கு இருந்து, பிறகு அதே வீட்டை வாங்கிக்கொள்ளும் திட்டத்தில் மானியம் கிடைக்குமா?

அநேகமாகக் கிடைக்காது, காரணம் எளிமையானது. வாடகையும், பிறகு வாங்கும் உரிமைக்கான ஆப்ஷன் கட்டணமும் கட்டும் காலத்தில் நீங்கள் வாடகைதாரர். வாங்கும் ஒப்பந்தமே இன்னும் பிறக்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஆப்ஷனைப் பயன்படுத்தி ஒப்பந்தம் போடும்போது, அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்திருக்கிறார். அவர் நீங்களேதான் என்றாலும் வீடு "புதிது" என்ற தகுதியை இழந்துவிட்டது. விற்பனை முகவர் இதைச் சொல்ல மாட்டார். பலருக்கு இது தெரிந்திருப்பதும் இல்லை.

வெண்டர் ஃபைனான்ஸில் வரும் வீடுகளும் பெரும்பாலும் பழைய வீடுகளே. பழைய வீட்டுக்கு 7,000 டாலர் கொடுத்த காலத்தில் அந்தத் தொகையை டெபாசிட்டாக வைத்தே இந்த வியாபாரம் நடந்தது. அந்தக் காலத்து அறிவுரைகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. தேதி பார்க்காமல் நம்பாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. தவணை ஒப்பந்தம்தான் வழி. என்ன செய்தால் ஆபத்து குறையும்?

சொந்தமாக ஒரு வழக்கறிஞரை வையுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம். அவர் மூலம் முதலில் டைட்டில் தேடல்: வீட்டின்மேல் ஏற்கெனவே யாருடைய அடமானம் இருக்கிறது, எவ்வளவு? விற்பவர் தன் வங்கிக் கடனைக் கட்டாமல் விட்டால், நீங்கள் ஒரு தவணை தவறாமல் கட்டியிருந்தும் வங்கி வீட்டை எடுக்க முடியும். இதுதான் இந்த ஒப்பந்தங்களில் மிகப் பெரிய அடி. உங்கள் தவணையின் ஒரு பகுதி நேரே விற்பவரின் வங்கிக் கடனுக்குப் போகும்படி எழுதச் சொல்லுங்கள்; கடன் கணக்கு அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு வர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

கையெழுத்தான நாளே டைட்டிலில் கேவியட் பதிவு செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாமல் வீட்டை வேறொருவருக்கு விற்கவோ, புதிதாக அடமானம் வைக்கவோ அது முட்டுக்கட்டை போடும். விற்பவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் அவருக்கு ஆஸ்திரேலியக் கடன் உரிமம் தேவை; நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஏசிக் (ASIC) அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டு ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம் என்பதும் எழுத்தில் வேண்டும். குவீன்ஸ்லாந்தின் பழைய சட்டம் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழியாமல் ஒப்பந்தத்தை முறிக்க விடவில்லை. அதற்குக் குறைவான எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு வருவாய் அலுவலகத்துக்குக் கடிதம். அதில் கேட்க வேண்டியவை: இந்த வரைவு ஒப்பந்தத்தின்படி வாங்குதல் எந்த நாளில் நிறைவடைந்ததாகக் கொள்வீர்கள்? அதற்கு முன்பே மானியம் தர ஆணையர் சம்மதிப்பாரா, என்ன நிபந்தனையில்? விண்ணப்பிக்கும் 12 மாதக் கெடு எந்த நாளிலிருந்து ஓடும்? குடியிருக்கும் காலக் கெடு எந்த நாளிலிருந்து? பதில் கையில் வராமல் மானியத்தை நம்பி ஒரு டாலரும் கணக்கில் எழுதாதீர்கள். தொலைபேசியில் யாரோ "கிடைக்கும்" என்று சொன்னது பின்னால் உதவாது.

கேள்வி: ஸ்டாம்ப் டியூட்டியையும் தவணையாகக் கட்டலாமா?

விலைக்குத் தவணை இருப்பதால் வரிக்கும் தவணை வந்துவிடாது. நியூ சவுத் வேல்ஸில் ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதத்துக்குள் முழு விலைக்கான டியூட்டியையும் கட்ட வேண்டும். குடியிருக்கப்போகும் வீட்டை ஆஃப் த பிளானில் வாங்கினால் 12 மாதம் வரை தள்ளிப்போடலாம். முதல் வீடு வாங்குவோருக்கு அங்கே 800,000 டாலர் வரை டியூட்டி முழு விலக்கு, ஒரு மில்லியன் வரை சலுகை. மானியமும் டியூட்டி சலுகையும் இரண்டு வெவ்வேறு விண்ணப்பங்கள், தகுதியும் வெவ்வேறு.

கேள்வி: சென்னையில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்பா எழுதிக் கொடுத்த வீடு இருக்கிறது. தகுதி போய்விடுமா?

மானியத்துக்குப் போகாது. மானியம் பார்ப்பது ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கும் சொத்தை மட்டும். ஆனால் குவீன்ஸ்லாந்தில் முதல் வீட்டு டியூட்டி சலுகைக்கு விதி வேறு: உலகத்தில் எங்கேயும் வீட்டில் உங்களுக்குப் பங்கு இருந்திருக்கக் கூடாது. ஊரில் அண்ணன் தம்பிகளோடு கூட்டுப் பட்டாவில் இருக்கும் வீட்டில் ஒரு பங்கு இருந்தாலும் அது பங்குதான். மானியத்துக்கு "இல்லை" என்று சரியாகப் பதில் எழுதியவர்கள், அதே வேகத்தில் டியூட்டி படிவத்திலும் "இல்லை" என்று டிக் அடித்துவிடுகிறார்கள். அது தவறான உறுதிமொழி. மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: கடன் கிடைப்பதற்காக அப்பாவையோ அண்ணனையோ டைட்டிலில் சேர்க்கலாமா?

சேர்க்கும் முன் யோசியுங்கள். டைட்டிலில் வரும் ஒருவருக்குத் தகுதி இல்லையென்றால் மொத்த மானியமும் போய்விடும். பங்கு போட்டுக் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் ஏற்கெனவே இங்கே வீடு வாங்கிக் குடியிருந்தவர் என்றால் அவரைச் சேர்ப்பது மானியத்தைக் கைவிடுவதற்குச் சமம். அவர் உதவ வேண்டுமென்றால் டைட்டிலுக்கு வெளியே, கடனுக்கு ஜாமீன்தாரராக நிற்கட்டும். அது மானியத்தைப் பாதிக்காது.

கணவன் அல்லது மனைவி டைட்டிலில் இல்லாவிட்டாலும் அவருடைய பழைய வரலாறும் பார்க்கப்படும். முன்பு மானியம் வாங்கியவரா, வீடு வைத்திருந்தவரா என்று கேட்பார்கள். விண்ணப்பதாரர்களில் குறைந்தது ஒருவராவது குடிமகனாகவோ பி.ஆர் பெற்றவராகவோ இருக்க வேண்டும். மற்றவர் தற்காலிக விசாவில் இருந்தால் மானியத்துக்குத் தடையில்லை; ஆனால் அவரது பங்குக்கு வெளிநாட்டவர் கூடுதல் டியூட்டி வரக்கூடும். நியூ சவுத் வேல்ஸில் அது 9 சதவீதம், குவீன்ஸ்லாந்தில் 8 சதவீதம். 10,000 டாலர் மானியத்தை விட அது பெரிய தொகையாகிவிடும். பி.ஆர் வரும் வரை ஒருவர் பெயரில் வாங்குவதா, காத்திருப்பதா என்பதைக் கையெழுத்துக்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், லைசென்ஸில் இன்னொரு பெயர். என்ன செய்வது?

நம்மவர்களின் விண்ணப்பங்கள் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். சில பாஸ்போர்ட்டுகளில் ஒரே பெயர்தான் இருக்கும். விற்பனை ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம், மானிய விண்ணப்பம், அடையாள ஆவணம் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் வர வேண்டும். எது உங்கள் "சட்டப்பூர்வப் பெயர்" என்று முதலில் முடிவுசெய்து, ஒப்பந்தத்திலேயே அதைப் போடச் சொல்லுங்கள். மாறியிருந்தால் திருமணச் சான்றிதழோ பெயர் மாற்றச் சான்றிதழோ இணைக்க வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களுக்கான நாட்டி (NAATI) அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். தெரிந்தவர் எழுதிக் கொடுத்தது செல்லாது. வருவாய் அலுவலகத்தோடு தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து இணைக்கச் சொல்லலாம்.

கேள்வி: எவ்வளவு காலம் குடியிருக்க வேண்டும்?

வாங்குதல் நிறைவடைந்த 12 மாதத்துக்குள் குடியேற வேண்டும். பிறகு தொடர்ச்சியாக விக்டோரியாவிலும், 2023 ஜூலை 1-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களுக்கு நியூ சவுத் வேல்ஸிலும் 12 மாதம். குவீன்ஸ்லாந்து, மேற்கு, தெற்கு ஆஸ்திரேலியாவில் 6 மாதம். மின்சாரக் கணக்கு, வாக்காளர் பட்டியல், லைசென்ஸ் முகவரி ஆகியவற்றை வைத்துச் சரிபார்ப்பார்கள். சாமான்களை இறக்கிவைத்துவிட்டு வாடகைக்கு விட்டால், மின்கட்டண ரசீதே காட்டிக்கொடுத்துவிடும். வேலை மாற்றம், நோய், பிரிவு என்று உண்மையான காரணம் வந்தால், கெடு முடிவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். முன்னால் சொன்னவரையும் பிடிபட்ட பிறகு சொன்னவரையும் அலுவலகம் ஒன்றுபோல நடத்தாது.

கேள்வி: மானியம் வாங்கிய பிறகு ஒப்பந்தம் முறிந்தால்?

திருப்பிக் கட்ட வேண்டும். தானாக அறிவிக்காமல் இருந்தால், மானியத் தொகைக்குச் சமமான அபராதம் வரை விதிக்க முடியும், வட்டியும் சேரும். அறிவித்து, முழுவதும் கட்டி முடித்துவிட்டால், குடியிருக்கும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாததால் திருப்பிக் கொடுத்த பழைய மானியம் அடுத்த விண்ணப்பத்துக்குத் தடையாக நிற்காது. கட்டிய ரசீதையும் அலுவலகத்தின் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: மத்திய அரசின் மற்ற திட்டங்களோடு சேர்த்துப் பெறலாமா?

மாநில மானியம் அவற்றுக்குத் தடையில்லை. 5 சதவீத டெபாசிட் உத்தரவாதத் திட்டத்துக்குப் பதிவுபெற்ற வங்கியின் கடன் அவசியம் என்பதால் வெண்டர் ஃபைனான்ஸுக்குப் பொருந்தாது. சூப்பர் என்ற ஓய்வுக்கால நிதி வழியாகச் சேமிக்கும் திட்டத்தில் ஆண்டுக்கு 15,000, மொத்தம் 50,000 டாலர் வரையிலான பங்களிப்பை எடுக்கலாம். அதற்கான தீர்மானத்தை வரித்துறையிடம் வீடு உங்கள் பெயருக்கு மாறுவதற்கு முன் பெற்றுவிட வேண்டும். டெபாசிட் திரட்ட மானியத்தை விட இதுவே கைகொடுக்கும்.

கேள்வி: விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இனி?

நிராகரிப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குவீன்ஸ்லாந்து மூன்றிலும் 60 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம், கட்டணம் இல்லை. எந்தப் பிரிவின்படி நிராகரித்தார்கள் என்பதைக் கடிதத்திலிருந்து எடுத்து, அதற்கு மட்டும் ஆவணத்தோடு பதில் எழுதுங்கள். வீடு புதிதல்ல என்றால் கட்டட நிறைவுச் சான்றிதழும் விற்பவரின் உறுதிமொழியும். குடியிருக்கவில்லை என்றால் மின்சாரம், தண்ணீர், காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கடிதம். குடும்பக் கஷ்டத்தை மட்டும் எழுதிய கடிதங்களால் முடிவு மாறுவது அரிது. ஆட்சேபமும் தோற்றால் மாநிலத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது நியூ சவுத் வேல்ஸில் என்கேட், விக்டோரியாவில் விகேட், குவீன்ஸ்லாந்தில் க்யூகேட்டுக்குப் போகலாம். அங்கே போகும் முன் ஒருமுறை வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டுங்கள்; சமூகச் சட்ட உதவி மையங்களில் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள்.